மேற்படியார்

மகாமகத்துக்கு மூன்று ராஜாக்கள் வருவதாகத் தந்தி.
அச்சடித்த பட்டியலைத் துரை என் மேஜையில் போட்டார்.
பெயருக்கு முன்னால் குண்டுகளின் எண்ணிக்கை.
அன்று முதல் தாலுகா கச்சேரியில் எண்ணையே பேசினோம்:
பதினொன்று காலை ரயிலில் வருகிறது,
ஒன்பதுக்கு நீரிழிவு, பானகம் வேண்டாம்.
மூன்றாமவருக்கு எண்ணே இல்லை.
எப்படிக் குறிப்பதென்று தெரியாமல்
'மேற்படியார்' என்று எழுதிவைத்தேன்.

பதினொன்றுக்கு ரயிலடியிலிருந்து சாரட்டுவரை கம்பளம்.
ஒன்பதுக்குப் பாதி வழி, மீதி புழுதி.
மேற்படியாருக்கு
ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றால் போதும்.

கும்பகோணத்தில் பீரங்கி ஏது?
திருவிழா வெடிக்கு மருந்து இடிக்கும் உத்திராபதியை
அரசலாற்றுக் கரையிலிருந்து கூட்டிவந்தார்கள்.
எண்ணத் தெரியுமா என்றேன். விரல் மடக்கிக் காட்டினார்.
இடது கையில் மூன்றுதான் இருந்தன.
"மீதி?"
"போன வருஷத் தேரோட போச்சு, சாமி."

பதினொன்று பிசகாமல் வெடித்தது.
கொக்குகள் எழும்பி மறுபடி வயலில் இறங்கின.
ஒன்பதுக்கு, நானே எண்ணினேன், பத்து.

ஒன்பது அன்று முழுக்கச் சிரித்த முகம்.
இருபது தீர்த்தத்திலும் இரண்டு தடவை முழுகியது.
பதினொன்று குளிக்காமலே ஊர் திரும்பியது,
இரண்டு குண்டு இடைவெளி
ஒரே குண்டாய்ச் சுருங்கிவிட்டதே என்று.

மதராஸிலிருந்து விளக்கம் கேட்டார்கள்.
உத்திராபதி சொன்னார்:
மாசிப் பனியில ஒண்ணு நமுத்துப்போச்சு,
சரி போகட்டும்னு வேற ஒண்ணு வச்சேன்,
வச்ச பிற்பாடு நமுத்ததும் வெடிச்சா
நான் என்ன பண்ண?

நாலு தாளில் நான் எழுதினேன்:
பத்தாவது ஓசை ராஜமரியாதையில் சேராது.
அது கோயில் வேட்டு.
தற்செயலாய் அதே திசையில் கேட்டது.
துரை கையெழுத்திட்டார்.
இருபது வெடிக்குக் கூலி அனுமதித்தார்கள்,
இருபத்தொன்றாவதற்கு இல்லை.

கோப்பில் ஏறாதது ஒன்று உண்டு.
அன்று ராத்திரி ரயிலடியில்
மேற்படியார் தனியாக நின்றிருந்தார்.
கூட்டத்தில் செருப்பு போய்விட்டது,
வேட்டி நுனியில் குளத்துச் சேறு.
என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு,
"எனக்கு ஒன்றே ஒன்று போடக்கூடாதா?
சின்னதாக?" என்றார்.
விதியில் இடமில்லை என்றேன்.

அப்போது ஆற்றுக்கு அக்கரையில்
யாரோ செத்துப்போயிருந்தார்கள்.
வேட்டு போட ஆரம்பித்தார்கள்.
மேற்படியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு
வெறுங்காலோடு, மெல்ல,
ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு படியாக
வண்டியில் ஏறினார்.

ஏழுவரை எண்ணினேன்.
அதற்குள் ரயில் ஊதிவிட்டது.