உறிஞ்சுதல் என்று ஒன்று இல்லை

அதிகாலை மூன்று பத்துக்கு
இரண்டாம் கிடங்கின் பில்ஜ் அலாரம் அடித்தது.
அடித்தது என்பதும் மிகை;
விக்கியது, நின்றது, மறுபடி விக்கியது.
கான்ஸ்தான்ஸாவில் ஏற்றிய கோதுமை.
போத்தி துறைமுகம் இன்னும் ஒரு நாள் தூரம்.
கருங்கடல் மேல்தளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கிடங்கு மூடியின் ரப்பர் எங்கோ வாய் பிளந்திருக்க வேண்டும்.

மையவிலக்குப் பம்பைப் போட்டேன்.
நல்ல பிள்ளைதான், தண்ணீர் இருக்கும்வரை.
சுழலி சுற்றும்; நடுவில் வந்த நீரை விளிம்புக்கு வீசும்;
வீசிய இடம் காலியாகும்;
அந்தக் காலிக்குள் அடுத்த நீர் வரும்.
ஒரு வாய் காற்று புகுந்துவிட்டால் போதும்,
வீசுவதற்குக் கனம் இல்லாமல்
வெறுங்கையை வீசிக்கொண்டு நிற்கும்.
முள் நடுங்கிப் பூஜ்யத்தில் படுத்தது.
ஓசை மட்டும் உயர்ந்தது,
தோற்றவர்கள் பேசுவதுபோல.

தலைமைப் பொறியாளர் முர்மான் இறங்கி வந்தார்,
சட்டையை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு.
"மக்வாலா, பிஸ்டனைப் போடு."

பிஸ்டன் பம்பு அவசரப்படாது.
ஒரு பக்கம் இழுக்கும்போதே மறுபக்கம் தள்ளும்.
காற்றா நீரா என்று விசாரிக்காது.
பதினோரு தட்டு எண்ணினேன்.
பன்னிரண்டில் அதன் குரல் மாறியது.

கோதுமை.
சாக்குத்துணியையும் சல்லடையையும் தாண்டி வந்து
வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே
ஊறிப் பருத்து உட்கார்ந்திருந்தது.
மூட வேண்டிய கதவு மூடவில்லை;
இழுத்ததையே திருப்பி அனுப்பியது பம்பு.
முர்மான் மிங்ரேலிய மொழியில் திட்டினார்.
எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதும்.

பக்கத்தில் எண்ணெய்ப் பம்பு
இரண்டு திருகுகளை ஒன்றோடொன்று பின்னி
மரைக்கு மரை எண்ணெயைக் கடத்திக்கொண்டிருந்தது,
எதுவுமே நடக்காததுபோல.
அதற்குக் கடல்நீர் கொடுத்தால் செத்துப்போகும்.
எல்லாருக்கும் எல்லாம் செரிப்பதில்லை.

மூலையில், பச்சை வண்ணம் உரிந்த
இரண்டு முழக் குழாய் ஒன்று உண்டு: எஜக்டர்.
சுழல்வது இல்லை, தட்டுவது இல்லை,
அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.
கோச்சா அதன்மேல்தான் கையுறை காயப்போடுவான்.
"சோம்பேறி" என்பார் முர்மான்.

கையுறையைத் தூக்கி எறிந்தேன்.
முதலில் வெளிவாயில் வால்வு.
பிறகு தீயணைப்புக் குழாயின் நீர், ஏழு பார்.
கடைசியில்தான் கிடங்கின் வால்வு.
வரிசை மாறினால்
கடலையே கோதுமைக்குள் விட்டுவிடுவோம்.
மூன்றாவது சக்கரத்தில் கை வைத்தபோது
முர்மான் வாய் திறக்கவில்லை.
அவர் எனக்குச் செய்த மரியாதை அது ஒன்றுதான்.

குறுகிய மூக்கின் வழியே நீர் பாய்ந்தது.
வேகம் ஏற ஏற அழுத்தம் இறங்கும்;
ஓடுகிற நீர் நிற்கிற நீரைக்
கையோடு கூட்டிப்போகும்.
குழாய்க்குள் மணிகள் உரசிப் போகும் சரசரப்பு,
கனத்த தொண்டை செருமுவதுபோல.

பம்பு உறிஞ்சுகிறது என்கிறோம்.
எதுவும் எதையும் உறிஞ்சுவதில்லை.
பம்பு ஓர் இன்மையை உண்டாக்குகிறது, அவ்வளவே.
மேலே கவிந்த காற்றின் பாரம்தான்
நீரை அதற்குள் தள்ளுகிறது.
"கடல் உன்னை இழுத்துக்கொண்டது" என்று
குத்தாயிசியில் என் அக்கா சொல்வாள்.
இழுக்கவில்லை அக்கா.
அங்கே சம்பளம் நின்றது, வாடகை ஏறியது;
இங்கே ஓர் இடம் காலியாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடங்கியது.
முர்மான் சட்டையைக் கழற்றி
நேராகப் போட்டுக்கொண்டார்.
பிஸ்டனின் வால்வுப் பெட்டியைத் திறந்து
ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு மணியாக நோண்டி எடுத்தேன்.

விடிந்ததும் கோச்சா மேலிருந்து கத்தினான்:
கடற்காகங்கள் கூட்டமாய்க் கூடவே வருகின்றனவாம்,
கப்பலின் வலப்பக்கம் மட்டும்.
அப்புறம் கேட்டான்,
என் கையுறை எங்கே?