பன்னிரண்டு பென்சில்

வியாழன்தோறும் மதியம் இரண்டுக்கு
போ-பாஸான் சிறையின் பெண்கள் பகுதியில்
பென்சில்களை எண்ணிக் கொடுப்பார்கள்.
பன்னிரண்டு.
சீவியில் பிளேடு உண்டு, அதனால் சீவி இல்லை.
முனை மழுங்க மழுங்க
எழுத்து தடிக்கும், வாக்கியம் குறுகும்.
நாலு மணிக்கு எல்லோரும்
தந்தி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள், உண்மையை எழுதுங்கள் என்றேன்.
எந்த உண்மை, கேட்டாள் சொலாஞ்ஜ்.
நான் வக்கீலிடம் சொன்னதா,
வக்கீல் நீதிபதியிடம் சொன்னதா,
அம்மாவுக்குப் பிரான்சில் வேலை என்று
பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பதா?
மூன்றிலும் இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது, மதாம்.

அந்தச் சொல்லை அப்புறம் நான் தொடவில்லை.
மழை என்றேன். செருப்பு என்றேன்.
கடைசியாகத் தின்ற மாம்பழம் என்றேன்.

கிரியோலில்தான் எழுதுவார்கள்.
லாலாவோ மட்டும் மலகாசியில்.
வயிற்றுக்குள் நாற்பது உருண்டைகளோடு
விமானம் இறங்கியவள்.
பாக்கியோம் வாயாபூரி
(பாக்கியம்தான், பதிவேட்டில் அப்படி)
என் தமிழ் நோட்டை எட்டிப் பார்த்து
இதில் ரஸோன் எங்கே என்பாள்.
அவளிடம் மிஞ்சிய ஒரே தமிழ்.
அவளுக்காகவே ஒருநாள்
மூன்றாம் வரியில் ரசம் வைத்தேன்.

அன்று புயல், இரண்டாம் எண் எச்சரிக்கை.
சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள்.
க்ளோதில்த் எண்ணினாள். பதினொன்று.
மேசையில் பரப்பி எண்ணினாள்.
பதினொன்று.

சுவரோரம் நில்.
செருப்பைக் கழற்று. வாயைத் திற. நாக்கைத் தூக்கு.
உறை மாட்டிய விரல்கள்
பின்னல்களைப் பிரித்துத் துழாவின.
எனக்கு நாற்காலி போட்டார்கள்.
தண்ணீர் வேண்டுமா என்றார்கள்.

நாலாவது பெண்ணின் பின்னல் அவிழும்போது
பிடரி வேர்க்கிறதே என்று கையை உயர்த்தினேன்.
என் கொண்டையில் இருந்தது.
வாசிக்கக் கேட்கும்போது செருகிக்கொள்வேன், பழக்கம்.

நாலாவது பெண்.
ஐந்தாவது.
ஓர் எழுவாய், ஒரு பயனிலை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
ஆறாவது பாக்கியோம். கேட்கும் முன்பே
பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தி நின்றாள்.
ஏழாவது லாலாவோ.
நாக்கைத் தூக்கியபடியே என் தலையைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே சவுக்கு மரங்கள்
படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தன.

எட்டாவது பெண்ணை அழைப்பதற்குள் குனிந்தேன்.
அலமாரிக்கடியில் கையை விட்டேன்.
இதோ, என்றேன்.

மெர்சி மதாம், என்றாள் க்ளோதில்த்.
முழங்காலில் தூசி, தட்டிக்கொள்ளுங்கள்.

புயல் வரவில்லை.
ரெயூனியன் பக்கம் திரும்பிவிட்டதாம்.

அடுத்த வியாழன் நான் தலைப்பு கொடுக்கவில்லை.
லாலாவோ எழுந்தாள்.
முதலில் மலகாசியில், பிறகு எங்களுக்காகக் கிரியோலில்:

கூடு கட்டப் பறவை ஒரு குச்சி எடுத்தது.
எங்கள் மரத்தைத்தான் உலுக்கினார்கள்.
பாவம் பறவை,
அதற்கு உச்சந்தலையில் கண் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை.
பாக்கியோம் பல்செட்டை நாக்கால் நகர்த்தும் சத்தம்.
கடைசி வரியில் பிழை இருக்கிறது,
நாலாவது பெண்ணிலிருந்து கண் இருந்தது.
திருத்துவது என் வேலை.
நன்றாக இருக்கிறது, என்றேன்.

வாசலில் எண்ணினார்கள். பன்னிரண்டு.
கொண்டையை அவிழ்த்துவிட்டு
வாயைத் திறந்து நின்றேன்.

நீங்கள் எதற்கு மதாம், என்றாள் க்ளோதில்த்.
ரோஸ்-ஹில் பஸ் வந்துவிட்டது, ஓடுங்கள்.