நாற்பத்திரண்டு லிட்டர்

சசூன் டாக்கில் விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடும்.
வாவல் கூடைகள் வாசலுக்கு வந்து காத்திருக்க
மூன்றாம் நம்பர் அறை
மைனஸ் பதினொன்றிலேயே முரண்டு பிடிக்கிறது,
மூன்று நாளாய்.

கம்ப்ரசர் மூச்சு முட்ட ஓடுகிறது. வாயு போதும். விசிறி சுற்றுகிறது.
கதவைத் திறந்து திறந்து மூடுகிறான்கள் என்கிறார் சேட்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்கிறார்.
அமோனியா எரித்த கண்ணுக்கு
அதுவும் நல்லதுதான்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
வாராவாரம் ஒரே கையெழுத்து:
எண்ணெய் ஊற்றியது மூன்று. ஊற்றியது இரண்டரை.
மழைக்காலம் முழுக்க.
'எடுத்தது' பத்தியில் ஒரு புள்ளிகூட இல்லை.
ஓரத்தில் நாலு இடத்தில் மராத்தியில், பென்சிலால்:
வடிகால் வால்வு இறுகிக் கிடக்கிறது, மாற்றித் தரவும்.

யஷ்வந்த் தாண்டேலை இந்தக் கணக்குக்குத்தான் அனுப்பினார்கள்.
தரையில் சொட்டு இல்லை, மெஷினிலும் இல்லை,
அப்புறம் எங்கே போச்சு நாற்பத்திரண்டு லிட்டர்?
படகுக்காரனுக்கு விற்றாய்.
இல்லை என்றானாம் ஒருதரம்.
இரண்டாந்தரம் கேட்டதற்கு
டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தானாம்.
அவன் நாற்காலிதான் இது. ஒரு கால் ஆடும்.

புது வால்வை என் காசில் வாங்கி மாட்டி
நேற்றிரவு ரிசீவரின் அடிவயிற்றைத் திறந்தேன்.
முகமூடி. கையுறை. பக்கத்தில் ஓடும் தண்ணீர்க்குழாய்.
கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு;
எடுக்கவில்லை.
ஒரு சீறல். அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம்
முற்றிய வெல்லப்பாகாய்க் கறுத்து, நுரைத்து,
வர மனமில்லாமல் வந்தது.

அமோனியாவில் இந்த எண்ணெய் கரையாது. கனம் அதிகம்.
போன இடமெல்லாம் அடியில் படுத்துக்கொள்ளும்,
குழாயின் உள்சுவரில் போர்வையாய் ஒட்டும்.
உள்ளே குளிர், வெளியே மீன்,
நடுவே இது, நகத்தளவு கனத்தில்.

கேன் கேனாய் அளந்தேன். முப்பத்தொன்பது.
கோலிப் பெண்களின் ஏலக்குரல் எழும்போது
முள் பதினாறைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் மூன்று
ஏதாவது வளைவில் கிடக்கலாம்.
விற்றும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும்.

'எடுத்தது' பத்தியில் எழுதினேன். தேதி போட்டேன்.
கேன்களை ஒவ்வொன்றாய்ப் படியேற்றி
ஆபீஸ் கதவோடு ஒட்டி அடுக்கினேன்.
அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு.
சேட் உள்ளேதான் தூங்குகிறார்.