என்ன நிறம்

பஞ்சிகாவத்தையில் முப்பது வருஷம்
ஒயில் ஃபில்டர் விற்றவன் நான்.
என்னுடையது அடைத்துப்போனதைப்
பகிடியாகச் சொல்லாத வாடிக்கையாளன் இல்லை.
சிரித்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய், வெள்ளி: மெஷினில் நாலு மணித்தியாலம்.
மற்ற நாளெல்லாம் ஒக்காளம்.
பல் தீட்டும்போது. மீன் பொரியும்போது.
பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தலை எண்ணெய்க்கு.
மூன்று வாய் சோறு, அதற்குள் வயிறு
ஷட்டரை இழுத்துவிடும்.
'கிட்னிக்காரருக்கு அப்படித்தான்.'
மருதானைப் பார்மசியில்
வெள்ளை மருந்துப் போத்தல் வாங்கி
பிலோமினாவுக்குத் தெரியாமல் குடித்தேன்.

ரத்தம் ஏழுக்கு இறங்கியது.
'கிட்னிக்காரருக்கு அப்படித்தான்.'
ஊசியைக் கூட்டினார்கள்.

புதிதாய் வந்த டாக்டர் இமேஷாவுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் உதிரிப்பாகத்துக்குப் போதும்,
உடம்புக்குப் போதாது.
'ஒக்காரய?' என்றார்.
'ஓம், ஒக்காளம்.'
இருவரும் ஒரு கணம் நின்றோம்.
இத்தனை சண்டைக்குப் பிறகும்
இரண்டு பாஷையும் பங்கு பிரிக்காமல் விட்டிருந்தது
குமட்டலை.

பிறகு, ஆறு மாதத்தில் யாருமே கேட்காததை,
மலத்தின் நிறத்தைக் கேட்டார்.
'களு,' என்றேன். 'இரும்புக் குளிசைதானே, மிஸ்.'
அட்டையைப் பின்பக்கம் புரட்டினார்.
குளிசை மாசியிலேயே நின்றுவிட்டது.
இப்போது இரும்பு நரம்பில் ஏறுகிறது,
அது மலத்தைக் கறுக்காது.
பேனாவை மூடினார்.
என் பையில் துருத்திய போத்தலை எடுத்து
எழுத்தை வாசித்தார்: அலுமினியம்.
'இதை வெளியே அனுப்ப
உங்களிடம் இப்போது ஆளில்லை.'
குப்பைக்கூடையில் விழுந்த சத்தம்
கண்ணாடிக்கு அதிகம்.

வியாழன், மெஷின் இல்லாத நாள், கமரா.
தொண்டையில் கசந்த வாழைப்பழ ஸ்பிரே.
இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள்.
இடக்கையில்தான் ஃபிஸ்டுலா,
தோலுக்குள் பூனைபோல் உறுமிக்கொண்டு.
நசிந்தால் போச்சு.
பியசீலி மிஸ் கையை முன்னுக்கு இழுத்து
தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்.
அந்த முழுநேரமும் அப்படியே.

திரையில் என் இரைப்பை,
மழை நின்ற பின் தார்ப்பாய் உட்புறம் மாதிரி.
புண் இல்லை. மூன்று சிவப்புப் பொட்டு,
செவ்வெறும்பு நசிந்த அளவு.
ஒன்று கசிந்தது. அவசரமில்லாமல்.
இவ்வளவு சின்னது
என் ஆறு மாதத்தைக் குடித்திருக்கிறது.
நீலப் பொறி மூன்று தரம் பறந்தது.
வாயில் பிளாஸ்டிக், ஓங்கரித்தபடியே
எண்ணினேன்.

வெள்ளி மெஷினுக்கு ஹெப்பரின் வேண்டாம் என்று
சிவப்பு மையில் எழுதிவிட்டார்.
அரை மணிக்கொருதரம் யாரோ எழும்பிவந்து
குழாயில் சேலைன் ஓடவிட்டார்கள்,
ரத்தம் உறையாமல்.

மீன் பொரியும் வாசம் இன்னும் பிடிக்கவில்லை.
நாலாவது வாய் சில நாள் இறங்கும், சில நாள் இல்லை.
பொட்டுகள் திரும்பவும் வரலாம் என்றும்
சொல்லித்தான் அனுப்பினார்.

கொட்டாஞ்சேனையில் காலை ஐந்தரை.
முதல் பூசை மணி.
கக்கூஸ் கதவுக்கு வெளியே பிலோமினா,
தேத்தண்ணி வேணுமா என்பதற்கு முன்னால்,
பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில்:
'என்ன நிறம்?'