பன்னிரண்டாவது பழம்

டிசம்பர் முப்பத்தொன்று. டிவிசோரியா சந்தை.
நேற்று இருபது பெசோவுக்குச் சீந்துவாரின்றிக் கிடந்த ஆரஞ்சு
இன்று காலை முப்பத்தைந்து.
நான் ஏற்றவில்லை.
உருண்டையாய் இருக்கும் கர்வத்தில் அதுவே ஏறிக்கொண்டது.

மாம்பழத்தை எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.
மூக்கு நீண்டிருப்பது இன்று ஒருநாள் குற்றம்.

புள்ளிச் சட்டைக்காரர்கள் வருகிறார்கள்.
பெரிய புள்ளி, சின்னப் புள்ளி,
துவைத்துத் துவைத்துப் பாதி கரைந்த புள்ளி.
மாதத்துக்கு ஒன்றாய் எண்ணி எடுக்கிறார்கள்.
ஒருத்தி பதினொன்றில் நின்றுவிட்டாள்.
பர்ஸைக் கவிழ்த்தாள்.
ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது.

"பதினொன்று போதாதா?"
"எந்த மாதத்தை விட? நீயே சொல்."
ஜூன் என்று சொல்ல வாய் வந்தது,
பள்ளிக்குப் பணம் கட்டும் மாதம்.
சொல்லாமல்
ஒரு கலமன்சியை அவள் பையில் போட்டேன்.
நெல்லிக்காய் அளவு புளிப்பு.
ஆனாலும் உருண்டை.
"பிப்ரவரிக்கு வைத்துக்கொள்கிறேன்" என்றாள்.
"அதுவும் குட்டைதானே."

எதிர்த்த இரும்புக்கடை பென்சன் யாப்
ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார்.
முதலில் அன்னாசியைத் தூக்கினார்.
அவர்கள் பேச்சில் அதன் பெயரைச் சொன்னால்
'செல்வமே வா' என்று காதில் விழுமாம்.
கேட்டுவிட்டேன்:
"ஃபூஜியனில் உங்கள் முன்னோரும் பன்னிரண்டுதான் வைத்தார்களா?"
"பன்னிரண்டா?
எங்கள் வீட்டில் ஆரஞ்சு மட்டும்.
அதுவும் நிலாக் கணக்கில் வருகிற எங்கள் புத்தாண்டுக்கு.
இது உங்கள் வழக்கம் என்றல்லவா
நான் வருஷாவருஷம் வாங்குகிறேன்!"
"நாங்கள் உங்களுடையது என்றல்லவா
வைக்கிறோம்!"

இரண்டு பேரும் கூடையைப் பார்த்தோம்.
யார் பெற்ற பிள்ளை என்று கேட்க ஆளில்லாமல்
ஒரு முலாம்பழம் சும்மா இருந்தது.
அவர் பன்னிரண்டும் வாங்கினார்.
பேரமும் பேசினார்.

டோண்டோவில் எங்கள் மேசையில்
அறுக்காமல் வேகவைத்த பான்சிட்,
ஆயுள் அறுந்துவிடக் கூடாதென்று.
ஒட்டிக்கொள்ளும் அரிசிப் பலகாரம்,
வந்தது விட்டுப் போகாதிருக்க.
கோழி இல்லை. அது கிளறிக் கிளறித் தின்கிற ஜாதி;
வருஷம் முழுக்க நாங்களே அப்படித்தான்.
நடுவில், விற்காத மூன்று மாம்பழம்.
உருண்டையாய் ஒன்றும் மிஞ்சவில்லை.
"வேறென்ன அதிர்ஷ்டம் வேண்டும் உனக்கு, துல்ஃபா?"
என்கிறான் எப்பிஃபானியோ,
ஜன்னல்களைத் திறந்துகொண்டே.

பன்னிரண்டு மணி.
வெடிப்புகையில் தெரு காணாமல் போனது.
பிள்ளைகள் குதிக்கிறார்கள், உயரமாக வளர.
எனக்கு நாற்பத்தொரு வயது, நாலடி பத்தங்குலம்.
நானும் குதித்தேன்.
பையிலிருந்த காசெல்லாம் என்னோடு குதித்தது.
ஒன்று மட்டும் என்னோடு இறங்கவில்லை.

இன்று துடைப்பத்தைத் தொடக் கூடாது,
வந்த பாக்கியம் வாசலோடு போய்விடும்.
மண்டியிட்டு
கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவுகிறேன்.
வட்டமானது,
அதிகம் தூரம் போயிருக்கும்.