போன ஜூலை

பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கணினி மையம்.
வர்க்கி வேகும் வாசத்துக்கு நடுவே
லேயர் என்றால் என்னவென்று சொல்லித்தந்தார்கள்.
ஒன்றின் மேல் ஒன்று.
மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும்.
இதற்கா மாதம் ஆயிரத்து எண்ணூறு என்றாள்
பக்கத்து நாற்காலி ரமிதா,
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு.

மென்பொருள் முப்பது நாள்தான் இலவசம்.
அதனால் திங்கட்கிழமைதோறும் பெனடிக்ட்
பன்னிரண்டு கணினிகளிலும் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவைப்பான்.
(அவனே கோர்ஸ் முடித்து ஆறு மாதம்தான்.
சார் என்று கூப்பிட்டால் காது சிவந்துபோகும்.)
வெளியே கோத்தகிரியில் நவம்பர் மழை.
உள்ளே எப்போதும்
போன வருடத்து ஜூலை மூன்று.

முதல் வாரம் கிராப். அடுத்த வாரம் லெவல்ஸ்.
மூட்டம் போட்ட படத்தை நான் இழுத்த இழுப்பில்
ஒரு தேயிலைச் சரிவு முழுக்க பிளாஸ்டிக் ஆனது.
மேஜிக் வாண்டால் வானத்தைத் தொட்டேன்;
எறும்புக் கோடு வானத்தைச் சுற்றி
யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையையும் சுற்றியது.
டெலீட்.
தலையும் பேண்ட்டுமாக
நடுவில் ஒன்றுமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.
கன்ட்ரோல் இசட், கன்ட்ரோல் இசட்,
மன்னிச்சிடுங்க அண்ணா.

நான்காம் வாரம் குளோன் ஸ்டாம்ப்.
அதற்கு நிஜ வேலையே வந்திருந்தது,
ரிசார்ட்காரர் ஒருவரின் விளம்பரத் தாளுக்கு.
பால்கனி, இரண்டு காபிக் கோப்பை, அப்பால் பள்ளத்தாக்கு.
'இது மட்டும் சுத்தம் பண்ணணும்' என்று
சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.
வட்டத்துக்குள் மின்கம்பி, தண்ணீர் டிரம்,
லயன் வீடுகள் ஒரு வரிசை,
ஐந்தாவது கூரையில் நீலத் தார்ப்பாய்.

அந்தத் தார்ப்பாய் மூலையில்
உடைந்த அம்மியை ஏற்றிவைத்தது நான்,
ஆகஸ்ட் காற்று தகரத்தைக் கொண்டுபோன மறுநாள்.
படத்தில் அம்மி நான்கு பிக்சல்.

யாரிடமும் சொல்லவில்லை.
ஆல்ட்டை அழுத்தி நல்ல தேயிலையில் ஒரு சொடுக்கு.
டிரம் மேல் தேய்த்தேன், டிரம் தேயிலையானது.
பெரியநாயகி அக்கா வீடு தேயிலையானது.
அடுத்தது எங்களுடையது.
பிரஷ் சின்னதாக, ஓரம் மென்மையாக,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
எனக்கு அது நன்றாக வந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
கைக்கு ஒரே சந்தோஷம்.
நாலரை மணிக்கு
அந்தச் சரிவில் யாரும் பிறந்ததேயில்லை.

பெனடிக்ட் பின்னால் குனிந்து ஒரே ஒரு தப்பு கண்டுபிடித்தான்:
மூன்று சில்வர் ஓக் உச்சியிலும் ஒரே காகம்,
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.
இரண்டு காகத்தை எடுத்தேன்.
அனுப்பிவிட்டான்.

எல்லோரும் டீக்கு இறங்கிய பிறகு
மூலப் படத்தை மறுபடி திறந்தேன்.
முந்நூறு சதவீதம் பெரிதாக்கி,
ஆல்ட்டோடு
பெரியநாயகி அக்கா வீட்டுத் தகரத்தில் ஒரு சொடுக்கு.
எங்கள் வீட்டின் மேல் தேய்த்தேன்.
நீலம் போய்த் தகரம் வந்தது,
துருவோடு, ஆணி வரிசையோடு.
அக்கா கூரையில் எதுவும் குறையவில்லை.
எஸ்டேட் ஆபீஸில் மனு கொடுத்து மூன்று மாதம்;
இதற்குப் பதினோரு நிமிடம்.
அம்மியை மட்டும் அழிக்கவில்லை.
நல்ல கூரை மேல் அம்மி எதற்கென்று
யார் கேட்கப்போகிறார்கள்.

சேமித்தபோது கோப்பின் கீழே காட்டியது:
திருத்திய நாள் ஜூலை மூன்று, போன வருடம்.
யோசித்துப் பார்த்தால் சரிதான்.
அன்றைக்குக் கூரை இருந்தது.

ஐந்தே முக்கால் பஸ்ஸில்
ஈரக் குடைகளுக்கு நடுவே நின்றபடி
அம்மியை இடம் மாற்றி வைக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டேன்.
காற்று இப்போது கிழக்கிலிருந்து.