பாதி

ஒரு பெட்டி மருந்தில் இரண்டு பேர் உண்டு.
குப்பியைத் திறந்துவிட்டால்
நாற்பத்தெட்டு மணி நேரம்,
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள்.
அதற்குள் இரண்டாவது ஆள் வர வேண்டும்.
ஆள் தேடுவது என் வேலை இல்லை.
மேலூர் ரோட்டு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில்
இரவுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
அந்த வைகாசியில் வேறு யாருக்கும் கை ஒழியவில்லை.

முதல் பாதி
ஆனையூர் அரிசி ஆலைக்காரருக்கு ஏறியது,
செவ்வாய் இரவு பத்தரைக்கு.
காய்ச்சல் கண்ட மறுநாளே வந்தவர்.
நடந்தே வந்தவர்,
செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு.
ஒரு மணி நேரம் சொட்டியது ஆன்டிபாடி.
முடிந்ததும் தயிர்ச்சாதம் கேட்டார்.
மகன் முழுப் பெட்டிக்கும் பில் கட்டினார்.
"மிச்சத்த யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றார்,
கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரைச் சொல்வதுபோல,
நல்ல மனசோடுதான்.

பட்டியலில் ஏழு பேர்.

ஒத்தக்கடை ஒச்சம்மாளின் போனை எடுத்தது மருமகன்.
"தத்தனேரில டோக்கன் போட்டு நிக்கிறோங்க,
அப்பறமாப் பேசுறேன்."

வில்லாபுரத்துக்காரர்
காப்பீட்டு அட்டையில் வருமா என்றார்.
பணமே வேண்டாம், சும்மா தருகிறோம் என்றேன்.
சும்மா என்றதும் பயந்துவிட்டார்.
"எங்க மேல சோதிச்சுப் பாக்கவா?"
வைத்துவிட்டார்.

அவனியாபுரம் துவாரகநாத்துக்கு
ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்தது.
ஆக்சிஜன் ஏறும் உடம்புக்கு இதைப் போடக் கூடாது.
அதை அவர் மனைவியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது,
இருப்பதைச் சொல்லிவிட்டு
இல்லை என்பதையும்.

விசித்திரமான மருந்து.
முற்றிய நோயைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும்.
நன்றாக இருக்கும்போதே வா என்னும்.
நன்றாக இருக்கும்போது
அன்றைய கூலியை விட்டுவிட்டு
யார் வருவார் ஆஸ்பத்திரிக்கு?
அறுபதாயிரம் என்பது விலையில் பாதிதான்.
மற்ற பாதியின் பெயர் சீக்கிரம்.
அதை மகன் கட்டிய பில்லில் போட இடமில்லை.

ஏழாவது ஆள் வந்தார்.
சோணைமுத்து, மாட்டுத்தாவணியில்
காய்கறி மூட்டை இறக்குகிறவர்.
சர்க்கரை உண்டு. காய்ச்சல் ஐந்தாம் நாள்.
மூச்சு இன்னும் கெடவில்லை.
மருந்து தேடிக்கொண்டிருந்த ஆள் அவர்தான்.
வியாழன் இரவு எட்டு மணி,
லோடு ஆட்டோவில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வந்து இறங்கினார்.
தலையில் இருக்க வேண்டிய சும்மாட்டைப் பிரித்து
மூக்கைக் கட்டியிருந்தார்.

ரிப்போர்ட் எங்கே என்றார் டாக்டர்.
"குச்சி விட்டு மூணு நாளாச்சுங்க.
மெசேஜ் வரும்னாய்ங்க."
ரிப்போர்ட் இல்லாமல் கையெழுத்து இல்லை.
டாக்டர் கெட்டவர் இல்லை. மூன்று முறை
சோதனைக்கூடத்துக்கு அவரே போன் போட்டார்.
மணி அடித்து அடித்து நின்றது.

சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து
போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் சோணைமுத்து.
உள்ளே நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்கு டிகிரி. நான்கு டிகிரி.
அது மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

பத்தரைக்குப் பாதியை எடுத்து
மஞ்சள் பையில் போட்டேன்.
பன்னிரண்டு பத்துக்கு மெசேஜ் வந்தது.
ஓடி வந்து காட்டினார்,
பரீட்சையில் பாஸான பையனைப்போல:
"பாசிட்டிவ்ங்க!"

பிழைத்தாரா என்று கேட்பீர்கள்.
பிழைத்தார்.
ஆவணியில் பார்த்தேன், வெங்காய மூட்டையோடு,
நாலு படி ஏறவே நின்று நின்று.
தானாகப் பிழைத்துக்கொண்டார்,
அதனால் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை.

தணிக்கைக்கு வந்தவர் மட்டும் கேட்டார்.
"வீணானது அரைன்னு போட்டிருக்கே. காரணம்?"
காரணத்துக்குப் பேரேட்டில் ஒரு அங்குலம்தான் விட்டிருக்கிறார்கள்.
நேரம் தவறியது என்று எழுதினேன்.
யாருடைய நேரம் என்று அவர் கேட்கவில்லை.
பச்சை மையில் ஒரு டிக் போட்டு
அடுத்த பக்கம் திருப்பினார்.

அதிலும் ஒரு அரை இருந்தது.